சிபாப் மிஷின் பழகறது எப்படி: மொத நாள்லருந்து முழு ராத்திரி தூக்கம் வரைக்கும்

ஸ்லீப் ஸ்டடி முடிஞ்சு ரிப்போர்ட் வந்தாச்சு, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போற ஸ்லீப் ஆப்னியா இருக்கு, மாஸ்க் வழியா காத்த அனுப்பற சிபாப் மிஷின் போட்டே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, மிஷினும் வீட்டுக்கு வந்துருச்சு, ஆனா மாஸ்க்க மாட்டிட்டு படுத்தா பத்து நிமிஷத்துல பிச்சு எறியணும் போல இருக்கு. நிறைய பேரோட நெலம இதுதான். கொஞ்ச நாள் மல்லுக்கட்டி பாத்துட்டு "எனக்கு இது ஒத்துக்கல"ன்னு சொல்லி மிஷின பீரோ மேல ஏத்திடறாங்க, கொறட்டையும் பகல் தூக்கமும் பழையபடி வந்துடுது. நான் சில வருஷமா தெனமும் போட்டு தூங்கறவன், சொந்தத்துலயும் ஆபீஸ்லயும் ரெண்டு மூணு பேருக்கு பழக்கியும் விட்ருக்கேன். ஒத்துக்கலன்னு சொன்னவங்கள உக்கார வெச்சு கேட்டா மாஸ்க் சைஸ் சரியில்ல, இல்ல மூக்கு அடைப்பு, இல்ல காத்து செட்டிங் அவங்களுக்கு பொருந்தல, இந்த மூணுல ஒண்ணுதான் காரணமா இருந்துச்சு. மூணுமே சரி பண்ணக்கூடியதுதான், ஆனா ஒரே ராத்திரில எல்லாத்தையும் மாத்தாம ஒண்ணொண்ணா போகணும்.

மிஷின் உள்ள என்ன பண்ணுது

தூங்கும்போது தொண்டை தசை தளர்ந்து நாக்கு பின்னாடி சரிஞ்சு மூச்சு போற வழி மூடிக்குது, மூச்சு 10 செகண்டுக்கு மேல நின்னுட்டா அத ஒரு ஆப்னியான்னு கணக்கு வெப்பாங்க, ஒடனே மூளை பதறி லேசா எழுப்பி விடும், நமக்கு அது ஞாபகமே இருக்காது. மணிக்கு எத்தன தடவ மூச்சு நிக்குது, கொறையுதுங்கறதுதான் ரிப்போர்ட்ல இருக்கற ஏஹெச்ஐ. 5க்கு கீழ இருந்தா நார்மல், 5லருந்து 15 லேசு, 15லருந்து 30 நடுத்தரம், அதுக்கு மேல தீவிரம். 30னா ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவன்னு அர்த்தம், அப்படி ஒரு ராத்திரி முழுக்க நடந்தா காலைல எப்படி தெளிவா இருக்கும் சொல்லுங்க.

சிபாப் ஆக்சிஜன் குடுக்கற மிஷின் இல்ல, வீட்ல பெரியவங்க நெறைய பேர் அப்படி நெனச்சு பயப்படறாங்க. ரூம்ல இருக்கற அதே காத்த லேசான அழுத்தத்தோட அனுப்புது, அந்த அழுத்தம் தொண்டைய மூட விடாம தாங்கி பிடிக்குது, அவ்வளவுதான். அழுத்தத்த சென்டிமீட்டர் தண்ணி கணக்குல சொல்வாங்க, வீட்டு மிஷின்ல பொதுவா 4லருந்து 20 வரைக்கும் இருக்கும். 10ங்கறது வெளிக்காத்தோட அழுத்தத்துல நூத்துல ஒரு பங்குதான், அதனால நுரையீரல் வெடிச்சுடுமோன்னு பயமே வேண்டாம். 1980ல ஆஸ்திரேலியா சிட்னில காலின் சல்லிவன்னு ஒரு டாக்டர்தான் இத மொதல்ல பண்ணி பாத்தார், அடுத்த வருஷம் லான்செட் பத்திரிகைல வெளியிட்டார். அதுக்கு முன்னாடி நோய் முத்தினவங்களுக்கு கழுத்துல ஓட்ட போடறதுதான் வைத்தியம். ஆரம்ப காலத்துல மாஸ்க்க ஒவ்வொரு ராத்திரியும் மூஞ்சில ஒட்டித்தான் வெச்சாங்களாம், அத நெனச்சா இன்னிக்கு இருக்கற மாஸ்க் எவ்வளவோ பரவால்ல.

மாஸ்க்: இங்கதான் பாதி ஜெயம்

மிஷின் எந்த கம்பெனின்னு மண்டைய ஒடச்சுக்கறவங்க மாஸ்க்க யோசிக்கறதே இல்ல. எனக்கு மிஷின் குடுத்த ஆளு கையில இருந்த ஒரே ஒரு ஃபுல் ஃபேஸ் மாஸ்க்க குடுத்துட்டு போயிட்டார், அளவு கூட எடுக்கல, அது மூக்குத்தண்டுல ஏறி உக்காந்து ஒரே வாரத்துல புண்ணாக்கிடுச்சு. அதனால வாங்கும்போதே கேளுங்க, ரெண்டு மூணு வகைய போட்டு பாக்க விடுவீங்களா, சைஸ் சரியில்லனா மாத்தி தருவீங்களான்னு. மாட்டேன்னு சொன்னா வேற ஆள பாருங்க.

வகை மூணுதான். மூக்கு ஓட்டைல மட்டும் உக்கார்ற சின்ன நேசல் பில்லோ, மூக்க மூடற நேசல் மாஸ்க், மூக்கையும் வாயையும் சேத்து மூடற ஃபுல் ஃபேஸ். வாய தொறந்து தூங்கறவங்க, மூக்கு அடிக்கடி அடைக்கறவங்க எல்லாருக்கும் நேரா ஃபுல் ஃபேஸ் குடுத்துடறாங்க, ஆனா அது பெருசு, லீக் ஆக இடம் அதிகம், அழுத்தமும் சில பேருக்கு அதிகமா தேவைப்படும். மூக்கு நல்லா வேல செஞ்சா நேசல்ல ஆரம்பிக்கறதுதான் என்னோட சிபாரிசு. மூச்சு முட்டற பயம் இருக்கறவங்களுக்கு நேசல் பில்லோ நல்லது, கண்ணுக்கு முன்னாடி ஒண்ணும் இருக்காது, கண்ணாடி போட்டு போன் பாக்கலாம். மீசை தாடி அடர்த்தியா வெச்சிருந்தாலும் பில்லோதான் ஓரளவு ஒட்டி உக்காரும்.

மாட்டற விதம் முக்கியம். நின்னுட்டு கண்ணாடி முன்னாடி இறுக்கி கட்டறது வேலைக்கே ஆகாது, படுத்தா மூஞ்சி சதை நகரும், அளவு மாறிடும். மாஸ்க்க லூசா மாட்டி, மிஷின ஆன் பண்ணி, நீங்க தூங்கற மாதிரியே படுத்துக்கங்க. காத்து வந்துட்டு இருக்கும்போதே மாஸ்க்க மூஞ்சிலருந்து ஒரு இஞ்ச் முன்னாடி இழுத்து மெதுவா விடுங்க, சிலிக்கான் ஓரம் காத்துல உப்பி தானா படியும். அப்பறம் ரெண்டு பக்க பட்டையயும் சமமா கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, சத்தம் நின்ன ஒடனே நிறுத்திடுங்க. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவுல விரல் நுழையணும். லீக் ஆகுதுன்னு இன்னும் இறுக்கினா அந்த ஓரம் நசுங்கி லீக் கூடத்தான் செய்யும். காலைல மூக்குத்தண்டுல செவந்த கோடு அரை மணி நேரத்துல மறையலன்னா ரொம்ப இறுக்கமா இருக்கு, இல்ல சைஸ் தப்பு.

இன்னொண்ணு, படுக்கப் போறதுக்கு முன்னாடி மூஞ்சிய சோப்பு போட்டு கழுவுங்க. நைட் க்ரீம், தேங்கா எண்ண, மூக்கடைப்புக்கு தடவற தைலம் எதுவும் மாஸ்க் படற எடத்துல வேண்டாம், வழுக்கி விட்டுடும், சிலிக்கானும் சீக்கிரம் கெட்டுப்போகும். தலைக்கு எண்ண வெக்கற நாள்ல பட்டைக்கு அடியில ஒரு மெல்லிசு காட்டன் துணி கட்டிக்கலாம்.

மொத வாரம் பகல்ல பழகுங்க

நேரா ராத்திரி மாட்டிட்டு தூங்கப் போறதுதான் பெரும்பாலானவங்க பண்றது, அது கஷ்டமான வழி. சாயங்காலம் டிவி பாக்கும்போது மிஷின ஆஃப்ல வெச்சு மாஸ்க் மட்டும் மூஞ்சில வெச்சுக்கங்க, பட்டை கட்ட வேண்டாம், கையில பிடிச்சா போதும், எப்ப வேணா எடுக்கலாம்ங்கற தைரியம் வரணும். அது சாதாரணமா ஆனதும் பட்டை கட்டுங்க. அப்பறம் மிஷின ஆன் பண்ணி உக்காந்தபடியே மூக்கு வழியா மூச்சு விட்டு பழகுங்க. நேசல் மாஸ்க் போட்டுட்டு வாய தொறந்தா காத்து வாய் வழியா சரசரன்னு வெளிய வரும், அது அதிர்ச்சியா இருக்கும், பயப்படாம வாய மூடிட்டா நின்னுடும். அடுத்து மத்தியானம் சாப்ட்டு ஒரு குட்டித் தூக்கம் மாஸ்க்கோட. இதுல ஒவ்வொரு கட்டமும் சில பேருக்கு ஒரு நாள் ஆகும், சில பேருக்கு நாலு நாள், பதட்டம் கொறைஞ்ச அப்பறம்தான் அடுத்தது. ரொம்ப பதட்டம் வர்றவங்க இத டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கும் உதவி இருக்கு, மறைச்சு வெக்கற விஷயம் இல்ல.

கரண்ட் போனா மூச்சு நின்னுடுமான்னு கேக்காத ஆளே இல்ல. நிக்காது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க்ல ஒரு சின்ன வால்வு இருக்கும், காத்து நின்னதும் அது தொறந்து வெளிக்காத்த விடும். நேசல்ல வாயால மூச்சு விடலாம். எப்படியும் முழிப்பு வந்துடும்.

மிஷின வெக்கற எடம், தண்ணி, செட்டிங்

மிஷின் தலைமாட்டுல ஒரு ஸ்டூல் மேல இருக்கட்டும், ஆனா படுக்கை மட்டத்துக்கு கொஞ்சம் கீழ. மேல வெச்சா, காத்த ஈரமாக்கற ஹ்யூமிடிஃபையரோட தண்ணி டியூப் வழியா மூஞ்சிக்கு வரும். பின்னாடி காத்து இழுக்கற எடத்த சுவரோட ஒட்டி வெக்காதீங்க, ஸ்க்ரீன் துணி உறிஞ்சிக்காம பாருங்க, பக்கத்துல கொசுவத்தி ஏத்தாதீங்க, அந்த பொகைதான் நேரா உங்க மூக்குக்கு வரும். டியூப்ப தலைக்கு மேல கட்டில் சட்டத்துல ஒரு துணியால லூசா கட்டி தொங்க விட்டா ரெண்டு பக்கமும் திரும்பி படுக்கலாம், மாஸ்க்க இழுக்காது.

ஹ்யூமிடிஃபையருக்கு டிஸ்டில்ட் வாட்டர், மெடிக்கல் ஷாப்ல கேளுங்க. பேட்டரிக்கு ஊத்தறது மூச்சுல போறதுக்குன்னு தயாரிச்சதில்ல. கெடைக்காத ஊர்ல ஒண்ணு ரெண்டு நாள் ஆர்ஓ தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு ஆற வெச்சு ஊத்தலாம், ஆனா போர் தண்ணி ஊத்தினா அடியில வெள்ளையா உப்பு படிஞ்சுடும். காலைல மீதி தண்ணிய கொட்டிடுங்க, நேத்து தண்ணி மேல இன்னிக்கு ஊத்தற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஈரப்பதம் எவ்வளவு வெக்கறதுன்னா, மூக்கு காய்ஞ்சு எரிஞ்சா கூட்டுங்க, டியூப்ல தண்ணி சேந்து களகளன்னு சத்தம் வந்தா கொறைங்க. ஏசி ரூம்லயும் ஊட்டி கொடைக்கானல் குளுர்லயும் இந்த களகள சத்தம் சகஜம், சூடான ஈரக்காத்து குளுந்த டியூப்ல பட்டு தண்ணியா மாறிடுது. டியூப்ப போர்வைக்குள்ள ஓட விட்டாலோ துணி உறை போட்டாலோ நிக்கும், சூடாகற டியூப்னு தனியாவும் விக்கறாங்க. போர்வைய மட்டும் மாஸ்க் மேல போத்தாதீங்க, மாஸ்க்ல இருக்கற சின்னச் சின்ன ஓட்ட வழியாத்தான் நீங்க விட்ட மூச்சு வெளிய போகணும்.

ராம்ப்னு ஒரு செட்டிங் இருக்கும், கம்மி அழுத்தத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏத்தும். இதுல ஒரு விஷயம் யாரும் சொல்றதில்ல. சில பேருக்கு 4ல ஆரம்பிச்சா காத்து பத்தாம மூச்சு திணறும், அவங்க அழுத்தம் அதிகம்னு நெனச்சு பயப்படுவாங்க, உண்மையில அது கம்மி. ஆரம்ப அழுத்தத்த 5, 6ன்னு கொஞ்சம் ஏத்தி தரச் சொல்லி டாக்டர்கிட்டயோ டெக்னீஷியன்கிட்டயோ கேளுங்க, பெரிய வித்தியாசம் தெரியும். மூச்சு வெளிய விடறதுதான் கஷ்டம்னா அதுக்கு தனி செட்டிங் இருக்கு, ரெஸ்மெட் கம்பெனி மிஷின்ல ஈபிஆர், பிலிப்ஸ்ல ஃப்ளெக்ஸ்னு பேரு, வெளிய விடும்போது மட்டும் அழுத்தத்த கொறைக்கும். ராம்ப், ஈரப்பதமெல்லாம் நீங்களே மாத்தலாம், டாக்டர் எழுதிக் குடுத்த மெயின் அழுத்தத்துல மட்டும் கை வெக்காதீங்க.

மூக்கு தொறந்திருக்கணும்

மூக்கு அடைச்சிருந்தா எவ்வளவு நல்ல மாஸ்க்கும் தோத்துடும். படுக்கறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி ஸ்ப்ரே ரெண்டு பக்கமும் அடிங்க. அலர்ஜி இருந்தா டாக்டர் ஸ்டீராய்டு நேசல் ஸ்ப்ரே எழுதித் தருவார், அது ஒரே நாள்ல வேல செய்யாது, தொடர்ந்து போடணும். ஒடனே மூக்கு தொறக்கற சொட்டு மருந்து இருக்கு பாருங்க, அத நாள் கணக்கா போட்டா விட்ட ஒடனே முன்ன விட மோசமா அடைக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. மூக்குக்கு உள்ள நடுச்சுவர் வளைஞ்சிருந்தாலோ சதை வளந்திருந்தாலோ ஈஎன்டி டாக்டர பாத்துடுங்க, சில பேருக்கு அத சரி பண்ணின அப்பறம்தான் சிபாப்பே போட முடியுது.

லீக்

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பக்கமா திரும்பி படுத்திருப்பீங்க, தலகாணி ஓரம் மாஸ்க்க ஒரு நூல் அளவு தள்ளியிருக்கும், மெல்லிசா ஒரு காத்து கண்ணுல ஊதிட்டே இருக்கும், காலைல கண்ணு செவந்து எரியும். அதுதான் மாஸ்க் லீக். கொஞ்சம் கெட்டியான தலகாணிய வெச்சு மாஸ்க் அதோட ஓரத்துக்கு வெளிய நிக்கற மாதிரி படுத்தா பெரும்பாலும் தீந்துடும்.

வாய் லீக் வேற மாதிரி. காலைல எழுந்தா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு, எச்சில் முழுங்க முடியாம இருக்கும். நேசல் மாஸ்க் போட்டவங்களுக்கு தூக்கத்துல தாடை தளர்ந்து வாய் தொறந்து காத்து ஓடிடுது, அழுத்தம் தொண்டைல நிக்கறதே இல்ல. மொதல்ல மூக்கடைப்பையும் ஈரப்பதத்தையும் பாருங்க, ஏன்னா மூக்கு அடைச்சாலும் வாய் தொறக்கும். அதுக்கப்பறமும் தொறந்தா தாடைய தாங்கற சின் ஸ்ட்ராப் இருக்கு, அது சில பேருக்கு ஒதவுது சில பேருக்கு ஒதவல. அதுவும் ஆகலன்னா தயங்காம ஃபுல் ஃபேஸுக்கு மாறுங்க. வாய்ல டேப் ஒட்டறத வீடியோ பாத்துட்டு நீங்களா பண்ணாதீங்க, மூக்கடைப்போ வாந்தியோ இருக்கற ராத்திரில அது ஆபத்து.

ரெஸ்மெட் மிஷின்ல லீக் நிமிஷத்துக்கு 24 லிட்டருக்குள்ள இருந்தா பரவால்லன்னு எடுத்துக்கலாம். அது தாண்டினா காத்த மிஷினால ஈடு கட்ட முடியாம போகலாம், ஏஹெச்ஐ கணக்கும் நம்பற மாதிரி இல்லாம போகலாம்.

வயித்துல காத்து

காலைல வயிறு உப்பி ஏப்பம் ஏப்பமா வந்தா காத்து உணவுக்குழாய்ல எறங்குதுன்னு அர்த்தம். ராத்திரி சாப்பாட்ட படுக்கறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே முடிங்க, தலைமாட்ட கொஞ்சம் உசத்துங்க, எடது பக்கம் படுத்து பாருங்க. அப்பவும் தொடர்ந்தா டாக்டர்கிட்ட சொன்னா அழுத்தத்த மறுபடி பாப்பாங்க.

நடு ராத்திரில கழட்டி போட்டுடறது

தூக்கத்துலயே கழட்டிடுவீங்க, காலைல பாத்தா மாஸ்க் தரையில கெடக்கும், ஆரம்பத்துல இது ரொம்ப சகஜம். முழிப்பு வந்த ஒடனே, மணி நாலா இருந்தாலும், மறுபடி மாட்டிடுங்க. "இன்னும் ரெண்டு மணி நேரந்தான, விடு"ன்னு விட்டா நஷ்டம் அங்கதான். கனவு வர்ற ரெம் தூக்கம் ராத்திரியோட கடைசிப் பகுதிலதான் அதிகம், அந்த நேரத்துல தசை இன்னும் தளரும், நெறைய பேருக்கு ஆப்னியா மோசமாகறதும் ஆக்சிஜன் ரொம்ப கீழ எறங்கறதும் விடியக்காலைலதான்.

4 மணி நேரம் போட்டா போதும்னு ஒரு பேச்சு இருக்கு. அது அமெரிக்காவுல மெடிகேர்ங்கற அரசு காப்பீடு மிஷினுக்கு தொடர்ந்து பணம் குடுக்க வெச்ச கணக்கு, 30 நாள்ல 70 சதவீத ராத்திரி 4 மணி நேரமாவது போட்டிருக்கணும்னு. உங்க ஒடம்புக்கு வெச்ச எல்லை இல்ல. 2016ல சேவ்னு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்தவங்கள வெச்சு பண்ணினது, சிபாப் போட்டும் மாரடைப்பு, பக்கவாதம் கொறையலன்னு முடிவு வந்தது, அத காட்டி மிஷினே வேஸ்ட்டுன்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா அதுல அவங்க சராசரியா போட்டது ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான், அப்படியும் பகல் தூக்கமும் மனநிலையும் நல்லாத்தான் ஆச்சு. அதனால குறி முழு ராத்திரி, அங்க படிப்படியா போங்க, மொத வாரம் தூங்க ஆரம்பிக்கற நேரம் மட்டும், அப்பறம் கழட்டினத திரும்ப மாட்டற பழக்கம், அப்பறம் தானா நீளும்.

காலைல என்ன பாக்கணும்

மிஷின் தெரையிலயோ ஆப்லயோ மூணே மூணு பாருங்க: எத்தன மணி நேரம், லீக், ஏஹெச்ஐ. ஏஹெச்ஐ 5க்கு கீழ வரணும், ஆனா ஒரு நாள் 7 வந்துச்சுன்னு கவலப்படாதீங்க, வார சராசரிதான் கணக்கு. கொஞ்சம் உள்ள போய் பாக்க ஆசைப்படறவங்களுக்கு ஆஸ்கர்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, மிஷின்ல இருக்கற எஸ்டி கார்ட கம்ப்யூட்டர்ல போட்டா ராத்திரி முழுக்க என்ன நடந்துச்சுன்னு கோடு கோடா காட்டும். அதுல க்ளியர் ஏர்வேன்னு வர்றது தொண்டை தொறந்திருந்தும் மூச்சு விடாத நேரம், ஆரம்ப வாரங்கள்ல சில பேருக்கு வந்து தானா கொறையும், கொறையாம நெறைய வந்தா டாக்டர பாக்கணும், அது வேற மாதிரி பிரச்சனையா இருக்கலாம்.

எண்ணு எல்லாம் நல்லாருக்கு, பகல்ல மட்டும் தூக்கம் போகலன்னா தைராய்டு, ரத்த சோகை, தூங்கற நேரமே கம்மியா இருக்கறது இதெல்லாம் பாக்க சொல்லுங்க. அது வரைக்கும் தூக்கக் கலக்கத்தோட வண்டி ஓட்டாதீங்க, குறிப்பா நெடுஞ்சாலைல. சாராயமும் தூக்க மாத்திரையும் தொண்டைய இன்னும் தளர்த்தும். ஒடம்பு எடை கொறைஞ்சா ஆப்னியாவும் கொறையும், ஆனா எடை கொறைஞ்சுதுன்னு நீங்களா மிஷின நிறுத்தாம மறுபடி டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணுங்க.

கழுவறது

மூஞ்சில படற சிலிக்கான் பகுதிய தெனமும், டியூப், தண்ணி தொட்டிய வாரத்துக்கு ஒரு தடவ, வெதுவெதுப்பான தண்ணில லேசான சோப்பு இல்ல பேபி ஷாம்பு போட்டு கழுவி நெழல்ல காய வைங்க. டெட்டால், ஸ்பிரிட், ப்ளீச் கூடாது, வெயில்ல போட்டா சிலிக்கான் கெட்டியாகிடும். பின்னாடி இருக்கற ஃபில்டர எடுத்து பாருங்க, நம்ம ஊர் தூசிக்கு சீக்கிரமே சாம்பல் நெறமாகிடும், மாசத்துக்கு ஒண்ணு மாத்தறது நல்லது. ஓசோன் வெச்சு சுத்தம் பண்ற பொட்டி வேண்டாம், 2020லயே அமெரிக்காவோட மருந்து, மருத்துவ கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அத பத்தி எச்சரிச்சிருக்கு.

செகண்ட் ஹேண்ட் மிஷின் வாங்கறவங்க கவனிங்க, 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி, மிஷின் உள்ள இருக்கற சத்தம் கொறைக்கற ஃபோம் உதிர்ந்து மூச்சுல போகலாம்னு பழைய மாடல் நெறைய திரும்ப வாங்கிச்சு, வெல கம்மியா வந்தா அந்த லிஸ்ட்ல இருக்கான்னு சீரியல் நம்பர வெச்சு பாத்துடுங்க.

கரண்ட், பயணம், ஆபரேஷன்

வீட்டு இன்வர்ட்டர்ல ஓடும், ஸைன் வேவ் வகையா இருக்கறது நல்லது. நீண்ட கரண்ட் கட்டுன்னா ஹ்யூமிடிஃபையர் சூட்ட ஆஃப் பண்ணிடுங்க, கரண்ட் சாப்பிடறது பெரும்பாலும் அதுதான். ட்ரெயின்ல ராத்திரி சார்ஜிங் பாயிண்ட நிறுத்தி வெக்கற வழக்கம் இருக்கறதால அத நம்பி போகாதீங்க, மிஷினுக்குன்னு விக்கற பேட்டரி எடுத்துட்டு போங்க, லோயர் பெர்த் கேளுங்க. ப்ளேன்ல கைப்பையோடவே வெச்சுக்கங்க, செக்-இன்ல போடாதீங்க, தண்ணி தொட்டிய காலி பண்ணிட்டு, டாக்டர் லெட்டர் ஒண்ணு மடிச்சு பைக்குள்ள வெச்சா செக்யூரிட்டில வேல சீக்கிரம் முடியும்.

எந்த ஆபரேஷனா இருந்தாலும், பல்லு சம்பந்தப்பட்டதா இருந்தாலும், மயக்க மருந்து குடுக்கற டாக்டர்கிட்ட ஸ்லீப் ஆப்னியா இருக்குன்னு மொதல்லயே சொல்லிடுங்க. மயக்க மருந்தும் பலமான வலி மருந்தும் தொண்டையவும் மூச்சையும் தளர்த்தும், அதனால அட்மிட் ஆகும்போது மிஷின், மாஸ்க், டியூப் மூணையும் கூடவே கொண்டு போங்க, கூட இருக்கறவங்களுக்கு அத மாட்டி விட முன்னாடியே கத்துக் குடுத்துடுங்க.